பிடி அரிசி நோட்டு

எங்கள் ஆச்சி இடையன்குடிப் பக்கத்துக்காரி. வாக்கப்பட்டு வந்தது மெஞ்ஞானபுரத்துக்கு அருகே, செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு. இரண்டுக்கும் நடுவில் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் அவள் பிறந்த ஊர் எஸ்.பி.ஜி. மிஷன், புகுந்த ஊர் சி.எம்.எஸ். மிஷன்; இரண்டும் தனித்தனி ஆங்கிலிக்கன் மிஷன்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 1896இல் திருநெல்வேலிக்கென்று தனித் திருமண்டலம் ஏற்பட்டு, மார்லி பேராயர் வந்து இரண்டு மிஷன் சபைகளும் ஒரே பேராயருக்குக் கீழ் வந்துவிட்டன. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி எல்லாரும் சி.எஸ்.ஐ. ஆகிவிட்டார்கள். ஆச்சிக்குக் கல்யாணமானது அதற்கும் பிறகு. அப்படியிருந்தும் முதல் ஞாயிற்றுக்கிழமை, விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவின் பெயர் வந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்ததைப் பார்த்துப் பெண்கள் பக்கத்தில் சிரித்திருக்கிறார்கள். "எஸ்.பி.ஜி. பொண்ணு, தலைய ஆட்டுது பாரு."

ஆச்சி கடைசி வரைக்கும் தலையைக் குனிந்தாள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிற்பாடு தாங்களும் குனிய ஆரம்பித்துவிட்டார்கள் என்று எங்களிடம் சொல்வாள். அதை நான் முழுதாக நம்பியதில்லை. தன் வெற்றிகளைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டு.

இடையன்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கால்டுவெல். 1841இல் அங்கே குடியேறியவர், 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர், 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையாகும் வரை பொறுத்திருந்தவர், 1891இல் கொடைக்கானலில் இறந்தும் அந்தக் கோயிலுக்கே அடக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். ஆச்சியின் வீட்டில் அவர் பேச்சு அதிகம் வராதாம். அங்கே பேசப்பட்டது அவர் மனைவி எலைசா அம்மாவைப் பற்றி. அந்த அம்மா நாகர்கோவில் மால்ட் மிஷனரியின் மகள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தையும் ரேந்தை (லேஸ்) பின்னும் வேலையையும் இடையன்குடிக்குக் கொண்டுவந்தவர். ஆச்சியின் அம்மா, அவளுடைய அம்மா எல்லாரும் ரேந்தை பின்னியவர்கள். ஆச்சி பாளையங்கோட்டை சாராள் தக்கரில் ஆசிரியப் பயிற்சி படித்த செலவு அந்தக் காசு. ஒப்பிலக்கணத்தை நான் கல்லூரியில் படித்தேன். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது என்னவோ ரேந்தைதான்.

ஆச்சியின் ரேந்தைத் தலையணை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. உருளையான, விரலால் அழுத்தினால் அழுந்தாத தலையணை. அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசி, நூல் சுற்றிய மரக்குச்சிகள் வரிசையாகத் தொங்கும். இரண்டு கையாலும் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்று தாண்டிப்போட்டு, முறுக்கி, ஊசியைக் குத்துவாள். மறுபடியும் தாண்டிப்போடுவாள். குச்சிகள் மோதும் சத்தம் மத்தியானம் முழுக்கக் கேட்கும். ஒரு முழம் வளர வாரக்கணக்கில் ஆகும். சபை ஐயரின் அங்கிக் கைக்கும் நற்கருணை மேஜை விரிப்புக்கும் அவள் பின்னியதுதான் போனது.

அந்த வேலைக்கு வேறு ஒரு பயனும் இருந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. துக்கம் சொல்ல வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆச்சி தலையை நிமிர்த்தாமல் "ம்" போட்டுக்கொண்டு ஊசி குத்துவாள். முகத்தைப் பார்க்காமல் கேட்கிற ஆளிடம் மனுஷர் கூடுதலாகச் சொல்லிவிடுகிறார்கள். புருஷன் அடித்தது, மகன் திருடியது, மகளுக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருப்பது எல்லாம் அந்தத் திண்ணையில் கொட்டப்பட்டன. ஒன்றும் அங்கிருந்து வெளியே போனதில்லை. சிறு பிள்ளையாக நான் பக்கத்தில் படுத்துக் கிடப்பேன். தூங்குவதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஆச்சி எங்கள் ஊரில் திருமண்டலத்து டி.டி.டி.ஏ. துவக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புதான். மேல் வகுப்புக்குப் போகச் சொன்னால் போகமாட்டாள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாருக்கும் 'அ' போடச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அதனால் ஊரே அவளுக்கு "லே"தான், "ஏட்டி"தான். பஞ்சாயத்துத் தலைவரையும் "ஏல, மூக்கத் தொடல" என்கிற அதே குரலில்தான் கூப்பிடுவாள்.

காலை 4 மணிக்கு எழுந்துவிடுவாள். விளக்கைப் போடமாட்டாள், மற்றவர்கள் தூக்கம் கெடும் என்று சிம்னியை ஏற்றிக்கொள்வாள். கரண்டு வந்து எவ்வளவோ வருடமாகியும் அந்தச் சிம்னியை விடவில்லை. முதலில் பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, உதடு மட்டும் அசையும். பிறகு வேதாகமம். பிறகு முழங்கால். அவள் முழங்காலில் நிற்கும்போது முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டு விரித்து வைத்திருக்கும். நோட்டில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விஷயம், அதற்கடுத்து ஒரு கட்டம். ஜெபம் கேட்கப்பட்டால் கட்டத்தில் தேதி போடுவாள். கேட்கப்படாவிட்டால் கட்டம் காலியாகவே கிடக்கும். காலியான கட்டங்களை அவள் மறைத்ததில்லை. வருடக் கடைசியில் புது நோட்டுக்கு அவற்றை மட்டும் எடுத்து எழுதிக்கொள்வாள்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதின வருடத்து நோட்டை ஒருநாள் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். பசுமாடு சினைபிடிக்க வேண்டும் என்று ஒரு வரி, அதற்குத் தேதி போட்டிருந்தது. ஒரு வீட்டில் குடி நிற்க வேண்டும் என்று ஒரு வரி, கட்டம் காலி. அதற்குக் கீழே என் பெயர், 'கணக்கு' என்று விஷயம். கட்டத்தில் தேதி இல்லை. குறுக்கே இப்படி எழுதியிருந்தது: "கேட்டாச்சு. இனி அவன் படிக்கணும்."

பிடி அரிசி விஷயத்துக்கு வருகிறேன். தென்மாவட்டத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போட அரிசியை அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனியாக ஒரு கலயத்தில் போடவேண்டும். எடுத்துவைத்த அளவில் ஒரு பிடி குறைகிறது. வீட்டார் ஒரு பிடி குறைவாகச் சாப்பிடுகிறார்கள். அளந்தபின் எடுக்கவேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போட்டால் அது தானம், ஆச்சிக்கு அது கணக்கில் வராது. வாரக் கடைசியில் பெண்கள் சங்கத்தார் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து கலயத்தைக் கவிழ்த்து வாங்கிப்போவார்கள். அரிசியை ஏலம் போட்டு வருகிற பணம் ஊழியத்துக்கு.

எங்கள் ஊரில் அது பெரும்பாலும் இந்திய மிஷனரி சங்கத்துக்குப் போனது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்கவேண்டும் என்று 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட சங்கம் அது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் வி.எஸ். அசரியா. அவர் எங்களுக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பட்டத்துக்கு வந்த முதல் இந்தியரானார். ஆச்சி அவரைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பேசும்போது பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வாள். "நம்ம வெள்ளாளன்விளைப் பிள்ள தெலுங்கு நாட்டுக்குப் போயி பாச படிச்சி ஊழியஞ் செஞ்சாவ. இங்கன உள்ளவளுவ ஒரு பிடி அரிசி போட யோசிக்கியளே!"

அரிசி வசூலுக்கும் ஒரு நோட்டு உண்டு. இது ஜெப நோட்டு அல்ல, வேறு. வாரம், வீடு, அளவு எல்லாம் அதில் இருக்கும். அளவை உழக்கு, நாழி என்றுதான் எழுதுவாள். கிலோ வந்து பல வருடமான பிறகும் அப்படித்தான். ஒரு வீட்டில் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் அளவு குறைந்தால் மூன்றாம் வாரம் ஆச்சி அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அரிசி கேட்க அல்ல. அங்கே அடுப்பு எரிகிறதா என்று பார்க்க. நோட்டு இந்த வேலைக்குத்தான் அவளுக்கு அதிகம் பயன்பட்டது. ஊரில் எந்த வீட்டில் பட்டினி என்பது அவளுக்குத் தெரிவதற்கு யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை. கொடுக்கிற கை எங்கே சுருங்கியது என்பதைப் பார்த்தால் போதும்.

ஏலத்தில் வருவது ஊரின் எல்லா அரிசியும் கலந்த அரிசி. பொன்னி, குண்டு அரிசி, சிவப்பரிசி, ரேஷன் அரிசி, இட்லி அரிசி. உலையில் போட்டால் ஒரு பங்கு குழையும், ஒரு பங்கு விறைத்துக்கொண்டு நிற்கும். யாரும் ஏலம் கேட்கமாட்டார்கள். கேட்க ஆளில்லாமல் விலை இறங்கினால் ஆச்சிக்குப் பொறுக்காது. தானே கடை விலைக்கும் மேலே கேட்டுவிடுவாள். ஆகவே எங்கள் வீட்டிலிருந்து பிடி பிடியாகப் போன அரிசி, ஊரார் அரிசியையும் கூட்டிக்கொண்டு, கூடுதல் விலைக்கு எங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.

அதைப் பொங்கவேண்டியவள் என் அம்மா.

ஆச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவள் பக்தி பெரிது, தயை பெரிது, எல்லாம் சரி. அந்தத் தயைக்கு அடுப்படியில் நின்றவள் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து, பதினெட்டுப் பேருக்குக் குழம்பு வைக்கத் தெரியாமல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆச்சி கோயில் வாசலில் நின்றுவிடுவாள். வெளியூர் முகம் தெரிந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். தேரிக்குள்ளிருந்து நடந்து வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜெபத்துக்கு இறங்கினவர்கள், உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்த பையன், எல்லாரும் எங்கள் வீட்டுக்கு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணுவாள். "அத்தை, எத்தன பேரு?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். "எண்ணாதட்டி, தாவீது எண்ணித்தான் கொள்ளைநோய் வந்துச்சு" என்றாளாம் ஆச்சி. வேத வசனத்துக்கு மருமகள் என்ன பதில் சொல்வது? குழம்பில் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

சேலைக் கதையைச் சொல்லாவிட்டால் அம்மா என்னை மன்னிக்கமாட்டாள். அதற்கு முன் தேரியைப் பற்றிக் கொஞ்சம். மெஞ்ஞானபுரத்துக்குக் கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. 192 அடி. ஜான் தாமஸ் ஐயர் 1830களின் கடைசியில் வந்து, நெடுவிளை என்று பெயர்பெற்றிருந்த மணற்காட்டில் கிணறு வெட்டி மரம் நட்டு ஊராக்கினார். கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். அதற்கு அப்பால் இருக்கிற செம்மணலை அநேகர் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். காற்றுக் காலத்தில் மேடு இடம் மாறும். மத்தியானம் அதில் கால் வைக்க முடியாது. அங்கேதான் பனை. பதநீர்க் காலம் தொடங்கினால் பனையேறிக் குடும்பங்கள் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தேரிக்குள் விடிலி போட்டுக் குடியேறிவிடும். ஆண் மரத்தில், பெண் அடுப்பில், பிள்ளைகள் சுள்ளி பொறுக்க. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு பாதி காலியாகிவிடும்.

ஆச்சி சனிக்கிழமைகளில் கிழக்கு வெளுக்கும் முன்னே கிளம்பி, சிலேட்டும் பல்பமும் பையில் போட்டுக்கொண்டு, விடிலி விடிலியாகப் போவாள். சூடு ஏறுவதற்குள் திரும்பியாகவேண்டும். கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் மணலில் விரலால் எழுதவைப்பாள். மணல்தான் சௌகரியம், அழிக்கத் துணி வேண்டாம் என்பாள். இதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டிலும் இது ஏறாது. விடிலிப் பெண்கள் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி கட்டிக் கொடுப்பார்கள். அது எங்களுக்கு வந்து சேரும் என்று காத்திருப்போம். பாதி வழியிலேயே யாருக்காவது கைமாறியிருக்கும்.

ஒரு வருடம் அந்த விடிலிகளில் ஒன்றில் மரத்திலிருந்து ஆள் விழுந்து இறந்துபோனான். பனங்காட்டில் இது புதிதில்லை. புதிதில்லை என்பதே பெரிய கொடுமை. அடக்கத்துக்கு முந்தின இரவு ஆச்சி அங்கே போனாள். பிரேதத்தைக் குளிப்பாட்ட உதவி செய்தாள். அந்தப் பெண்ணுக்கு உடுத்தியிருந்ததைத் தவிர வேறு நல்ல சேலை இல்லை என்று கண்டாள். வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட ஒரு புதுச் சேலையை எடுத்துக்கொண்டு போனாள். அது அம்மாவின் பெட்டி. அம்மாவின் அப்பா தலைப்பிரசவத்துக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சேலை. இரண்டு தடவைதான் கட்டியிருந்தாள்.

அம்மா ஒரு வாரம் ஆச்சியோடு பேசவில்லை. ஆச்சி மன்னிப்புக் கேட்கவில்லை. சம்பளம் வந்த நாளன்று தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப்போய், ஒரு சேலை வாங்கிவந்து, அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். ஊதா நிறம், பெரிய பெரிய பூ. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பூவைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்வாள்: "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கேக்கத்தான் தெரியாது அவியளுக்கு."

இது நியாயமான குற்றச்சாட்டு. ஆச்சியின் பக்திக்குள் ஒரு அதிகாரம் இருந்தது. தான் கொடுப்பதைப் போலவே தன்னைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கொடுக்க ஆசைப்படுவார்கள் என்று அவள் நம்பினாள். பிள்ளைகளின் உண்டியல், தாத்தாவின் புகையிலைக் காசு, மருமகளின் நேரம், எதுவும் அதற்கு விலக்கில்லை. சேவை செய்கிற எத்தனையோ பெரிய மனுஷர்களின் வீட்டில் இப்படி யாரோ ஒருவர் குழம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருப்பார் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த அதிகாரம் ஊர்ப் பெரியவர்களுக்கு எதிரேயும் அப்படியே நின்றது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு சமயம் சபைக் கமிட்டியில் ஒருவர், பிடி அரிசிப் பணம் சும்மா இருக்கிறது, கோயில் சுற்றுச்சுவருக்குச் சேர்த்துக்கொள்வோம் என்றார். கல்லில் பெயர் பொறிக்கிற யோசனையும் கூடவே இருந்தது. ஆண்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். ஆச்சி நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டி மேஜையில் வைத்தாள். "இது ஊழியத்துக்குன்னு சொல்லி வாங்கின அரிசி. இந்தாங்க, நூத்துப் பன்னெண்டு வீடு எழுதியிருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் போயி, அம்மா, உம்ம அரிசிய சுவத்துல பூசப்போறோம்னு கேட்டுட்டு வாங்க. அவளுவ சரின்னா எனக்கும் சரி." யாரும் போகவில்லை. சுவருக்கு வேறு பணம் தேடினார்கள். கல்லும் வைத்தார்கள், அது இப்போதும் இருக்கிறது.

தசரா சமயத்தில் எங்கள் ஊர் வழியாகக் குலசேகரன்பட்டினத்துக்குப் போகிற கூட்டம் கணக்கில் அடங்காது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்கள் ஊர் ஊராகப் போய்த் தர்மம் எடுப்பார்கள். குரங்கு, குறவன், போலீஸ், ராஜா, எல்லாவற்றுக்கும் மேலே காளி. சடைமுடி, கிரீடம், வெளியே தொங்குகிற சிவப்பு நாக்கு, தட்டோடு வாசலில் வந்து நின்றால் நாங்கள் உள்ளே ஓடி நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். ஆச்சி தட்டில் காசு போடமாட்டாள். அதில் அவள் கறாரானவள், எங்களையும் போடவிடமாட்டாள். ஆனால் வாசலில் இரண்டு பானைத் தண்ணீரும் ஓலைப்பெட்டியில் கருப்பட்டித் துண்டும் அந்தப் பத்து நாளும் இருக்கும். விரதக்காரர்கள் கண்ட இடத்தில் சாப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கருப்பட்டி.

ஒரு மத்தியானம் ஒரு காளி எங்கள் திண்ணையில் வந்து சாய்ந்தது. கிரீடத்தின் பாரத்தில் கழுத்து நேராக நிற்கவில்லை. முகத்துச் சாயம் வியர்வையில் கரைந்து மார்பில் வழிந்திருந்தது. ஆச்சி செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்தாள். காளி வாயிலிருந்த நாக்கைக் கழற்றி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, அண்ணாந்து குடித்தது. குடித்து முடித்ததும் ஆச்சி உற்றுப் பார்த்தாள். "ஏல, நீ மூணாம் வீட்டுக்காரன் மருமவன் தம்பில்லா? நம்ம பள்ளிக்கூடத்துலதானல படிச்ச?" காளி எழுந்து நின்று, "ஆமா டீச்சர்" என்றது. "காலுல என்னல கொப்புளம்? மஞ்சப்பத்து போடுதேன், இரு."

இது கமிட்டியில் பேச்சாகிவிட்டது. சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு டீச்சர் வீட்டில் தண்ணீர்ப் பந்தல் என்று ஒருவர் ஐயரிடமே சொல்லிவிட்டார். ஐயர் நல்ல மனுஷன், கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தண்ணி கேட்டான், குடுத்தேன் ஐயரே. ஞானஸ்நானச் சீட்டக் காட்டுன்னு கேக்கவா முடியும்?" ஐயர் சிரித்துவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

கடைசி வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண் மங்கியதும் ரேந்தைத் தலையணை பரணுக்குப் போயிற்று. வேதாகமத்தை வாசித்துக் காட்டுவது எங்கள் முறை. அவள் பழைய திருப்புதலைத்தான் வாசிக்கச் சொல்வாள். வசனத்தில் ஒரு சொல் தப்பினாலும் படுத்த இடத்திலிருந்தே திருத்துவாள். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு வருடத்துக்கும் மேலே அவளைத் தூக்கி, துடைத்து, கஞ்சி ஊட்டியது அம்மா. ஆச்சிக்கு நன்றி சொல்லவும் தெரியாது. ஆனால் நோட்டை மட்டும் கேட்பாள். கை நடுங்கும், எழுத முடியாது. அம்மாவை எழுதச் சொல்வாள். அந்தக் கடைசி நோட்டில், ஆச்சி சொல்லி அம்மா எழுதின பெயர்களுக்கு நடுவில், அம்மாவின் பெயரும் இருக்கிறது. எதிரே 'முழங்கால் வலி'. தன் பெயரைத் தானே எழுதவேண்டி வந்த கூச்சத்தில் எழுத்து மற்ற வரிகளைவிடச் சின்னதாக இருக்கிறது. கட்டம் இன்னும் காலிதான். அம்மாவுக்கு முழங்கால் வலி போகவில்லை.

ஆச்சி 2011இல், லெந்து காலத்தில் இறந்தாள். தேரிப் பக்கத்திலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார்கள். மரத்திலிருந்து விழுந்து இறந்தவனின் மகள் இப்போது நர்ஸ். வெளியூரிலிருந்து இரவோடு இரவாக வந்து, யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். வந்திருந்த அத்தனை பேருக்கும் அன்று காப்பி போட்டது அவர்கள் இருவரும்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சபையின் ஆண்டு விழா மலர் கைக்கு வந்தது. நல்ல தாள், வண்ணப் படங்கள். முதல் மிஷனரி தொடங்கி இன்றைய குருவானவர் வரை பெயரும் வருடமும் பிசகில்லாமல் இருந்தன. கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிப்படம். பெண்கள் சங்கத்துக்கு ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு கூட்டுப் படம், நாற்பது பேருக்குக் குறையாது, வெள்ளைச் சேலையில் நான்கு வரிசை. கீழே 'பெண்கள் ஐக்கிய சங்கத்தினர்' என்று மட்டும் இருந்தது. ஒருவர் பெயரும் இல்லை. ஆச்சி இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது. எங்களுக்குத் தெரிந்ததால் தெரியும். தெலுங்கு நாட்டு ஊழியம் வரை பணம் போய்ச் சேர்ந்த கதையை எழுதின அதே மலரில், அந்தப் பணம் எந்தக் கலயத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

பெண்கள் சங்கக் கணக்கு எழுத இப்போது எங்கள் ஊரில் ஆள் கிடைப்பதில்லை. அம்மாதான் எழுதுகிறாள். ஏன் என்று கேட்டால், "வேற யாரும் வரல, நான் எழுதுதேன்" என்கிறாள். கிலோவில்தான் எழுதுகிறாள். கலப்பு அரிசியை ஏலம் கேட்பதில்லை. இட்லிக்கு ஊறப்போட்டால் தெரியாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வாங்கவைத்துவிடுகிறாள்.

உங்கள் சபையில் மலர் போடுகிறார்கள் என்றால் ஒரு வேண்டுகோள். கல்வெட்டைப் பார்த்துப் பெயர் எழுதுவதற்கு முன்னால் பெண்கள் சங்கத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய வசூல் நோட்டு ஒன்றாவது அகப்படும். அகப்படாவிட்டால், எண்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஊரில் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுப் படத்தைக் காட்டினால் ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் வீடும் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஆச்சியின் நோட்டுகள் அம்மாவிடம் இருக்கின்றன. வீட்டுக்கு வந்தால் காட்டுவாள். கொண்டுபோகத் தரமாட்டாள்.